மங்காத சதுரங்கள்

— ஆணியப் புடுங்காத ஐரீன். ஆணி இருக்கட்டும். உன் படத்த அதுலயே மாட்டிடலாம்.

— எனக்குக் கை எட்டினாத்தான மாட்ட? உன் வீட்டுக்காரர் ரோஸ்கோ என்ன ஒட்டகச்சிவிங்கியா? எல்லாத்தையும் கூரைக்குப் பக்கத்துல அடிச்சு வச்சிருக்காரு.

— ஆறடி மூணு. அவரு கண்ணுக்கு நேரா அடிச்சாரு. நான் முப்பத்தாறு வருஷமா என் பிள்ளைங்க மோவாயத்தான் பாத்துட்டு இருந்தேன்.

— ஒடெஸ்ஸா, இங்க பாரேன். படம் எடுத்த எடமெல்லாம் பச்சப் பசேல்னு நிக்குது. மத்த சுவரெல்லாம் வெளுத்துப்போச்சு, படத்துக்குப் பின்னாடி மட்டும் சுவர்க் காகிதம் நேத்து ஒட்டின மாதிரி இருக்கு. சத்தியமா சொல்றேன், வீட்டுக்கு வில போட வர்றவன் உள்ள காலெடுத்து வைக்கும்போதே கண்டுபிடிச்சிடுவான்.

— அதுக்குத்தான உன் படத்தக் கொண்டுவான்னேன். பெரிய சதுரத்துக்குப் பெரிய படம். அந்தக் கல்யாணப் படத்தக் குடு.

— பத்திரம். கண்ணாடி லேசா ஆடுது. ஐம்பத்தெட்டுல எடுத்தது. எங்க ஜீனும் நானும், கோயில் படிக்கட்டுல.

— உன் வீட்டுக்காரருக்குத் தலைல முடியெல்லாம் இருந்திருக்கு.

— அலையலையா இருக்கும். இல்ல? ஆமா. அதப் பாத்துத்தான் ஏமாந்தேன்.

— என் பேத்தி பட்டம் வாங்கின எடத்துல மாட்டுறேன். ஒரு விரல்கட கொறையுது, ஓரத்துல பச்ச தெரியுது. பரவால்ல. ஆண்டவரே.

— என்ன ஆச்சு? முட்டியா?

— முட்டியில்ல. முப்பத்தாறு வருஷத்துல உன் ஜீன் என் வீட்டுக்குள்ள வர்றது இதான் மொத தடவ.

— ஒடெஸ்ஸா.

— விடு. நல்லாத்தான் இருக்காரு. வலப்பக்கம் கொஞ்சம் தூக்கு, சாயறாரு.

— செத்த மனுஷனப் போட்டு வாங்காத.

— வாங்கல. உக்காரச் சொல்லி காப்பி குடுத்திருப்பேன், படமா வந்தா எப்படிக் குடுக்கறதுன்னுதான் யோசிக்கறேன். அடுத்து என்ன வச்சிருக்க பெட்டில?

— ரானி மீன் புடிச்ச படம். அப்புறம் ரானி வேற ஒரு மீன் புடிச்ச படம்.

— உன் பிள்ளைக்கு மீனத் தவிர எதுவும் நடக்கலையா வாழ்க்கைல?

— ரெண்டு விவாகரத்து. அதையெல்லாம் யாரு படம் புடிக்கறா? இந்தா. நடையில மாட்டு.

— அல்தியா குடுத்த பட்டியல எடு. மேசை மேல இருக்கு. படிச்சுக்கிட்டே வா, நான் சரிபாத்துக்கறேன். வீடு விக்கறதுல அவளுக்கு இருபது வருஷப் பழக்கம். எங்க சபைல பாதிப் பேரோட வீட்ட அவதான் வித்தா.

— கண்ணாடி எங்க வச்சேன். ம். குடும்பப் படங்கள்.

— ஆச்சு.

— கறுப்பு ஜனாதிபதி மூஞ்சி போட்ட தட்டு.

— சமையலறைல, மாவு டப்பாவுக்குப் பின்னாடி.

— குளியலறைல தலைக்குப் போடற எண்ணெய், சீப்பு, எல்லாம்.

— நான் கைல எடுத்துட்டுப் போற பைக்குள்ள.

— சபைல வீசற, ஆண்டவர் படம் போட்ட விசிறி. கறுப்பு தேவதை பொம்ம. புத்தக அலமாரில மேல் ரெண்டு தட்டு. ஒடெஸ்ஸா, புத்தகம் கூடவா?

— புத்தகம் கூடத்தான். மேல படி.

— மூணு நாளைக்குக் கீரை வேகவைக்கக் கூடாது. பன்னிக்கால் போட்டுக் கீரை வச்சா வாசம் திரைச்சீலைல நிக்கும். காப்பியும் பட்டையும் மணக்கட்டும். இதையுமா எழுதியிருக்கா?

— அதுக்குத்தான் உன்ன ஆப்பிள் கேக் செஞ்சு எடுத்துட்டு வரச் சொன்னேன். அடுப்புல வச்சு லேசா சூடு காட்டு. வீடு முழுக்க ஐரீன் வாசம் அடிக்கட்டும்.

— எனக்கு இன்னும் ஒருதடவ சொல்லு. மூணு மணிக்கு மணியடிப்பான். நான் கதவத் தொறந்து "நான்தான் மிஸஸ் கெய்ன்ஸ்"னு சொல்லணும். நீ என் வீட்டுல போய் உக்காந்துக்குவ. அவ்வளவுதான?

— அவ்வளவுதான். அவன் நாடாவ வச்சு அளப்பான், போட்டோ எடுப்பான், இந்த வீடு இன்ன வில பெறும்னு எழுதி பேங்க்குக்கு அனுப்புவான். காகிதத்துல "ஓ. கெய்ன்ஸ்"னுதான் இருக்கு. பேருல நெறமில்ல.

— பொய் சொன்னா என் கழுத்து சிவந்துடும். கன்னியாஸ்திரிங்க அத வச்சே என்னப் புடிப்பாங்க.

— துணியச் சுத்திக்க.

— அக்டோபர்ல இவ்வளவு வெயிலடிக்குது, வீட்டுக்குள்ள கழுத்துல துணி சுத்தினவளப் பாத்தா என்ன நெனைப்பான்?

— வயசான வெள்ளக்காரின்னு நெனைப்பான். அது போதும் எனக்கு. ஐரீன், ஜூன் மாசம் வந்தவன நீ பாத்தல்ல. பன்னண்டு நிமிஷம். பேஸ்மென்ட் படில எறங்கக்கூட இல்ல. சுவத்துல இருந்த மொகங்கள ஒரு சுத்துப் பாத்தான், எங்கிட்ட "நீங்கதான் ஓனரா?"ன்னு ரெண்டு தடவ கேட்டான், போயிட்டான். அறுபத்தோராயிரம் டாலர். அதே ஜூன்ல உன் கூரைக் கடனுக்கு வேற ஒருத்தன் வந்து உன் வீட்டுக்கு எவ்வளவு எழுதினான்?

— எண்பத்தெட்டு. வேலிக்கு மேல எட்டி நான்தான உங்கிட்ட சொன்னேன்.

— ஒரே ஆளு கட்டின வீடு, ஒரே வருஷம். உன் சமையலறை எடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். வேற வித்தியாசமே கெடையாது.

— உனக்குப் புது அலமாரி வேற இருக்கு. என்னுது எங்க ஜீன் அடிச்ச பழைய பலகை.

— உன் கூரை ஒழுகுது.

— அதுக்குத்தான கடனே.

— ஒழுகற வீட்டுக்கு எண்பத்தெட்டு, ஒழுகாத வீட்டுக்கு அறுபத்தொண்ணு. வாங்க வந்த புள்ளைங்களுக்கு பேங்க் அதுக்கு மேல கடன் குடுக்கல, விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப வேற ஆளு வந்திருக்கு, வேற பேங்க். இதுவும் போச்சுன்னா அட்லாண்டால என் பொண்ணு யொலாண்டா பாத்து வச்சிருக்கற சின்ன வீடும் போச்சு. நான் இங்கயே கெடக்க வேண்டியதுதான்.

— இங்க கெடந்தா என்ன? நான் கெடக்கல?

— மணி என்ன?

— ரெண்டே கால்.

— ஒரு தடவ ஒத்திகை பாத்துடலாம். நான்தான் அவன். "வணக்கம்மா, பேங்க்லருந்து வர்றேன்."

— வாங்க, வாங்க, உக்காருங்க. கேக் சாப்பிடறீங்களா?

— கதவத் தொறந்த ஒடனே கேக்கப் பத்திப் பேசாத. ஏதோ மறைக்கறன்னு நெனைப்பான். "எத்தன வருஷமா இருக்கீங்க?"

— அறுபதுலருந்து.

— அது உன் வீடு.

— எழுபத்தொம்பதுலருந்து. ஏப்ரல். மழ பேஞ்சுட்டிருந்துச்சு. நீங்க ஒரு நீலச் சோபாவ எறக்கினீங்க—

— "நாங்க."

— நாங்க ஒரு நீலச் சோபாவ எறக்கினோம். கதவுல மாட்டிக்கிச்சு. ரோஸ்கோ கதவையே கழட்டிட்டாரு. நீ கொடையப் புடிச்சு சோபாவ நனையாமப் பாத்துக்கிட்ட, நீ தொப்பலா நனைஞ்சுட்ட.

— அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். தெருவே நின்னுட்டிருந்துச்சு, ஒடெஸ்ஸா. ஒரு வீட்டுத் திரை விடாம.

— ம். "தெரு எப்படிம்மா?"

— அமைதியான தெரு. நீங்க வந்த அடுத்த கோடைக்குள்ள பதினோரு வெள்ளக்கார வீடு காலி.

— ஐரீன்.

— அமைதியான தெரு. அவ்வளவுதான். நிறுத்திட்டேன்.

— "கூரை எப்ப மாத்துனீங்க?"

— தெரியாது.

— ரெண்டாயிரத்து ஒம்போது. ஆலங்கட்டி மழைக்கு அப்புறம். மறந்துடாத.

— ரெண்டாயிரத்து ஒம்போது. ஒடெஸ்ஸா, ஒண்ணு சொல்லணும்.

— கூரையப் பத்தியா?

— இல்ல. நீ போனதுக்கு அப்புறம் போன்ல சொல்ற விஷயமில்ல இது. உன் பிள்ளைங்ககிட்ட நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன், "எல்லாரும் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓடினாங்க, நாங்க மட்டும் நின்னோம்"னு. இல்ல? சொல்லியிருக்கேன். டெரன்ஸ் பள்ளிக்கூடத்துல கட்டுரைகூட எழுதினான்.

— எழுதினான். பரிசு வாங்கினான்.

— நாங்க நிக்கல. எங்களுக்குக் கெடைக்கல. எங்க ஜீன் ஆத்துக்கு அந்தப் பக்கம் மூணு வீடு பாத்தாரு. அந்த வருஷம் பார்த்து ஃபேக்டரில ஆளக் கொறச்சாங்க. ஒரு பேங்க்கும் கடன் குடுக்கல. அதனாலதான்... வேற ஒண்ணுமில்ல.

— தெரியும்.

— என்னது தெரியும்?

— எண்பதுலயே தெரியும். ரோஸ்கோ தபால்காரரு ஐரீன். இந்தத் தெருவுக்கு வர்ற கடுதாசி எல்லாம் அவரு கை வழியாத்தான் பிரியும். கடன் கேட்டவங்களுக்கு பேங்க்லருந்து கனமான உறை வந்தா சரின்னு அர்த்தம், மெல்லிசா வந்தா இல்லன்னு அர்த்தம். உங்க வீட்டுக்கு மூணு தடவ மெல்லிசா வந்துச்சு.

— சொல்லவே இல்லையே நீ.

— சொல்லி? போகாத ஒருத்தி வேணும்னு இருந்துச்சு எனக்கு. ஏன் போகலன்னு விசாரிக்கற நெலமைல நான் இல்ல.

— ரோஸ்கோவும் ஒண்ணும் சொன்னதில்ல. எங்க ஜீன் செத்தப்ப சவப்பெட்டியத் தூக்க ஆறாவது ஆளா அவர்தான் வந்தாரு.

— அடுத்தவன் தபாலப் பத்தி வெளிய பேசக் கூடாது. அது அவங்க சத்தியம். எங்கிட்ட சொன்னதுக்கே ஒரு வாரம் வருத்தப்பட்டாரு. கேக்க அடுப்புலருந்து எடு, தீயுது.

— தீயல. ஓரம் செவந்திருக்கு. எனக்கு ஒரு துண்டு வெட்டிக்கறேன். உனக்கு?

— வேணாம். அவன் வந்துட்டுப் போகட்டும்.

— ஒடெஸ்ஸா. போய்த்தான் ஆகணுமா? அந்தக் கலவரமெல்லாம் அடங்கிடுச்சுல்ல.

— கலவரம்னு சொல்லாத. நானும் அதுல நடந்தேன்.

— சரி. ஊர்வலம்.

— போன வருஷம் ஆகஸ்ட்ல அந்தப் பையன போலீஸ் சுட்டப்ப, முட்டில ஊசி போட்டுக்கிட்டு பதினோரு நாள் நடந்தேன். எழுபது வயசு எனக்கு. கண்ணெரிச்சல் புகைய விட்டாங்க, பால ஊத்திக் கழுவிக்கிட்டு அடுத்த நாளும் போனேன். அப்ப கோவம் இருந்துச்சு. படுத்தா தூக்கமாவது வந்துச்சு. இப்ப கோவமும் இல்ல. மருந்துக்கடை போயிடுச்சு, மளிகைக்கடைல பலகை அடிச்சாச்சு, ஒரு மாத்திரைக்கு ரெண்டு பஸ் மாத்தணும். போகட்டும், அது கூடப் பரவால்ல.

— டெரன்ஸ் விஷயம்தான. ஏப்ரல்ல நடந்தது.

— கால்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு மூணு வாரம் அம்மா வீட்டுல தூங்கினான். இந்த வீட்டுல தூங்கறவங்க பேரு நகராட்சிக்குக் குடுத்த தாள்ல இருக்கணுமாம். அவன் பேரு இல்ல. அபராதம். கோர்ட்டுக்குப் போற ஞாபகமே இல்லாம வேலைக்குப் போயிட்டான். வாரண்ட். எனக்கு முட்டை வாங்கிட்டு வந்த பையன போலீஸ் புல்தரைல குப்புறப் போட்டாங்க.

— நான் வெளிய ஓடி வந்தேன். சத்தியமா சொல்றேன், செருப்பு கூடப் போடல. "அவன் அந்த வீட்டுப் பையன், எனக்கு அவனப் பொறந்ததுலருந்து தெரியும்"னு கத்தினேன்.

— கத்தின. நீ கத்தின ஒடனே எழுப்பி விட்டாங்க.

— அது நல்லதுதான?

— நான் அதுக்கு முன்னாடி பத்து நிமிஷமா அதையேதான் சொல்லிட்டிருந்தேன் ஐரீன். அவனப் பெத்தவ. இதே வார்த்தைய. வாசப்படில நின்னுக்கிட்டு.

— எம்மேல கோவமா?

— உன் மேல கோவமில்ல. நீ வரலன்னா என்ன ஆயிருக்குமோ. ஆனா அன்னைக்கு ராத்திரி நெனச்சேன், என் வீட்டுலயே என் பேச்சுக்கு ஒரு ஆள வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கேன்னு. இன்னைக்கு அதையேதான் பண்ணிட்டிருக்கேன், கேக்கோட.

— அட்லாண்டால மட்டும்?

— அங்கயும் இப்படித்தான் இருக்கும். யொலாண்டா பக்கத்துல இருப்பா, அவ்வளவுதான். கத்துறதுக்கு ரெண்டு பேரு இருப்போம்.

— ரானி வாரா வாரம் போன் பண்றான். "அம்மா, இந்தப் பக்கம் வந்துடு, இன்னும் என்ன அங்க"ன்னு. "ஒடெஸ்ஸா இருக்கா"ன்னு சொல்வேன். இனி என்ன சொல்றது? நீயும் போயிட்டா தெருவுல நான் ஒருத்திதான்.

— எழுபத்தொம்பதுல நான் சொல்ல வேண்டியத இப்ப நீ சொல்ற.

— குத்து. நல்லாக் குத்து. ஒண்ணு சொல்லட்டுமா, கோச்சுக்காத. நேத்து ராத்திரி படுத்துக்கிட்டே நெனச்சேன். அவன் வந்ததும் "பேஸ்மென்ட்ல தண்ணி வரும் தம்பி, ஒவ்வொரு மழைக்கும்"னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். வில எறங்கிடும். நீ போக மாட்ட.

— சொல்லப் போறியா?

— இல்ல.

— என் மொகத்தப் பாத்துச் சொல்லு.

— சொல்ல மாட்டேன். நெனச்சேன்னுதான் சொன்னேன். கழுத்தப் பாரு, செவந்திருக்கா?

— இல்ல.

— அப்புறம் என்ன. ஆமா, இது என்ன, சோபாவுக்கு மேல ரோஸ்கோ இன்னும் இருக்காரு? இத எடுக்கலையா?

— அது இருக்கட்டும்.

— ஒடெஸ்ஸா, பட்டியல்ல மொத வரியே அதான். தபால்காரர் உடுப்பு, பை, சிரிப்பு, ரூமுக்கே அதுதான் பெரிய படம்.

— தெரியும். இருக்கட்டும்.

— அவன் கேட்டா நான் என்ன சொல்றது?

— உன் தபால்காரர்னு சொல்லு.

— தபால்காரர் படத்த எவ சோபாவுக்கு மேல மாட்டுவா?

— வெள்ளக்காரங்க என்ன வேணா மாட்டுவீங்க. மான் தலைய மாட்டலையா? ஐரீன், இந்த வீட்டுக்கு மொதல்ல கடன் கேட்டப்ப அவரு உடுப்பப் போட்டுக்கிட்டுத்தான் பேங்க்குக்குப் போனாரு. கவர்ன்மெண்ட் வேலைன்னு பாத்தாவது குடுப்பாங்கன்னு. முப்பத்தோரு வருஷம் பை சுமந்து அடைச்சாரு. என் பேத்திய எடுத்தேன், என் அம்மாவ எடுத்தேன், ஆண்டவரோட விசிறியையும் எடுத்தேன். அவரு படத்தத் தொட மாட்டேன். கை வரல.

— சரி. சரி, நான் பக்கத்துல ஒரு மீன் படத்த மாட்டிக் கூட்டத்துல கலந்து விட்டுடறேன்.

— அதப் பண்ணு. மணி?

— ரெண்டே முக்கால். அய்யய்யோ. வாசல்ல கார் நிக்குது. ஒடெஸ்ஸா, மணியடிக்கறான்.

— மூணு மணின்னானே.

— பின்கதவுல ஓடு.

— இந்த முட்டிய வச்சுக்கிட்டு எங்க ஓட? அவன் காரத் தாண்டித்தான் உன் வீட்டுக்குப் போகணும். அந்தத் துணியக் குடு. நான் அலமாரியத் தொடைக்கறேன். வேலைக்காரின்னு சொல்லு.

— சொல்ல மாட்டேன்.

— ஐரீன்.

— என் வாயால அத மட்டும் சொல்ல மாட்டேன். வேற எது வேணா கேளு.

— அப்ப எதுவும் சொல்லாத. துணி என் கைல இருந்தா அவனே நெனச்சுக்குவான். போ. கதவத் தொற. கேக்கப் பத்திப் பேசாத.

— வாங்க, வாங்க. கேக்... வாங்க.

— மிஸஸ் கெய்ன்ஸ்?

— ஆமா. இல்ல. ஆமா. நீங்கதான்... பேங்க்லருந்து வர்றது நீங்களா?

— நான்தாம்மா. டெசெல் வின்ஃபீல்ட். கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. இதோ அட்டை. தூரத்துலருந்தே தெரியட்டும்னுதான் இவ்வளவு பெருசாக் கழுத்துல மாட்டிக்கறது. போன வாரம் ஒரு வீட்டுக்கு வெளிய நாடாவப் புடிச்சுட்டு நின்னேன், பக்கத்து வீட்டுலருந்து போலீஸக் கூப்பிட்டுட்டாங்க.

— ஒடெஸ்ஸா. ஒடெஸ்ஸா, இங்க வாயேன்.

— தொடைச்சு முடிக்கலம்மா.

— "அம்மா"வாம். வந்து பாரு.

— என்ன... ஆண்டவரே.

— வணக்கம்மா.

— தம்பி, நீயா? பேங்க் ஒரு கறுப்புப் பையன அனுப்பும்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே.

— இப்படி ஒரு வேலை இருக்குன்னு எங்கிட்டயும் ரொம்ப நாள் யாரும் சொல்லலம்மா. இந்த மாவட்டத்துலயே இந்த வேலைக்கு எங்கள மாதிரி மூணு பேருதான். ஒருத்தரு அடுத்த மாசம் ரிட்டையர் ஆகறாரு.

— ஐரீன், இந்தத் துணிய வாங்கிக்க. தம்பி, இவங்க மிஸஸ் கெய்ன்ஸ் இல்ல. பக்கத்து வீடு. நான்தான் ஒடெஸ்ஸா கெய்ன்ஸ்.

— தெரியும்மா.

— எப்படித் தெரியும்?

— இவங்க கழுத்து.

— நான் அப்பவே சொன்னேன்ல ஒடெஸ்ஸா? துணிய வேற சுத்திக்கங்கறா.

— அப்புறம் இந்தச் சுவர். கல்யாணப் படம் சின்னது, அதுக்குப் பின்னாடி இருக்கற சதுரம் பெருசு. பச்ச விளிம்பு தெரியுது. நெறைய வீட்டுல பாக்கறேன்மா. எங்கம்மா வீட்டுல நானே கழட்டினேன். எங்களுக்கு உங்கள மாதிரி ஒரு பக்கத்து வீடு கெடைக்கல. வீட்டப் பூட்டி, சாவியப் பூத்தொட்டிக்கடியில வச்சுட்டு, தெரு முனைல காருக்குள்ள உக்காந்திருந்தோம்.

— எவ்வளவு வந்துச்சு?

— அத விடுங்கம்மா. நான் மொதல்ல கீழ எறங்கிப் பாக்கறேன். படி எந்தப் பக்கம்?

— நானே காட்டறேன். எறங்கறியா? நெசமாவே எறங்கறியா? ஐரீன், எறங்கறான் பாரு.

— பாக்கறேன். பாக்கறேன். நான் ஒண்ணும் சொல்லலம்மா தாயே, தண்ணியப் பத்தி வாயே தொறக்கல.

— தண்ணி வருமாம்மா கீழ?

— ஒரு சொட்டு வராது தம்பி. இவ வீட்டுலதான் மேலருந்து வரும்.

— சுவர் நல்லா காய்ஞ்சிருக்கு. இந்த வேலை யாரு பண்ணது? படியோட கைப்பிடி, அலமாரி எல்லாம்?

— எங்க வீட்டுக்காரர். ஞாயித்துக்கெழமைல. ஒரு கைப்பிடிக்கு ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டாரு.

— தெரியுது. இதெல்லாம் போன தடவ எழுதினவர் தாள்ல இல்லவே இல்ல. பேஸ்மென்ட் "சாதாரணம்"னு போட்டிருக்காரு.

— அவரு பாக்கவே இல்ல. பன்னண்டு நிமிஷம்.

— நீங்க ரெண்டு பேரும் மேல போங்கம்மா. முட்டியப் பாத்து. நான் அளந்துட்டு வர்றேன். சமையலறைல என்னமோ மணக்குது.

— கேக். இப்ப சொல்லலாமா ஒடெஸ்ஸா? தம்பி, கேக் சாப்பிடறியா?

— சாப்பிடறேன்மா. வேலைய முடிச்சுட்டு.

— வா, ஐரீன். மேல வா. அந்தப் பெட்டிய எடு.

— எந்தப் பெட்டி?

— என் பெட்டி. உன் மீனெல்லாம் கழட்டு. என் அம்மாவக் குடு மொதல்ல. இவ்வளவு நேரம் பெட்டிக்குள்ள அவங்களுக்கு மூச்சு முட்டியிருக்கும். நாளைக்குக் கீரை வைக்கறேன், ரெண்டு பன்னிக்கால் போட்டு. நீயும் வா.

— எங்க ஜீன?

— ஜீன் இருக்கட்டும் ஒரு நாளைக்கு. வந்தது வந்துட்டாரு.

— ஒடெஸ்ஸா, நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? போன வருஷம் ஆகஸ்ட்டுக்கு முன்னாடி சிரிச்சது.

— அம்மா, கொஞ்சம் இருங்க. அந்தப் பெட்டிய இப்பத் தொறக்காதீங்க.

— அளந்துட்டியா அதுக்குள்ள?

— கீழ முடிஞ்சுது. இவரு உங்க வீட்டுக்காரரா? சோபாவுக்கு மேல இருக்கறவரு?

— ரோஸ்கோ. முப்பத்தோரு வருஷம் தபால் போட்டாரு. மூணு வருஷமாச்சு போய்.

— எங்கப்பாவும் தபால்தான்மா. நகரத்துக்குள்ள, மேற்குப் பக்கம். இதே தொப்பி. நல்ல மொகம்.

— நீ பாத்தல்ல, கீழ அந்தக் கைப்பிடி எல்லாம். எழுதுவல்ல?

— எழுதுவேன்மா. உள்ளத உள்ளபடி எழுதுவேன், ஒரு டாலர் கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். ஆனா என் தாளுக்கு அப்புறம் மூணு மேசை இருக்கு. அங்க உக்காந்திருக்கறவங்க உங்களப் பாத்ததில்ல, என்னையும் பாத்ததில்ல. நான் எடுக்கற போட்டோவத்தான் பாப்பாங்க. ஒவ்வொரு ரூமையும் எடுக்கணும். இந்த ரூமையும்.

— எடு. நல்ல வெளிச்சம் வருது.

— இவரு மொகம் போட்டோல இருந்தாலும் யாரும் தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா. "மறுபடி ஒரு தடவ சரிபாருங்க"ன்னு ஒரே வரி வரும். நான் சரிபாத்து அதே எண்ண அனுப்புவேன். மறுபடி வரும். மூணாவது தடவ வேற ஒருத்தர அனுப்புவாங்க.

— ஐரீன், அந்தத் துணிய எங்க வச்ச?

— என் கைலதான் இருக்கு. எதுக்கு ஒடெஸ்ஸா?

— ஒண்ணுமில்ல. அவரு கண்ணாடில தூசி.

— அந்தக் கல்யாணப் படம் இருக்கட்டும்மா. மீன் படமும் இருக்கட்டும். இவரு படம் ஒண்ணுதான். எனக்கு நாலு போட்டோ, ரெண்டே நிமிஷம். நான் ஜன்னல் பக்கமாத் திரும்பி நின்னுக்கறேன், பாக்க மாட்டேன். நீங்களே உங்க கையால எறக்கிடறீங்களாம்மா?